ஏரியைக் காணோம்

முதலிபாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் நான் செக்கிங் வேலை பார்க்கிறேன். என் மகள் விமானி. புதிதாக இறங்கப்போகும் விமான நிலையங்களை, வானிலிருந்து எடுத்த படங்களைப் பார்த்து மனதில் பதித்துக்கொள்வாள். படத்தைப் பிடித்துக்கொள்வது என் வேலை. "தலைகீழாப் புடிங்கம்மா, எந்தப் பக்கமிருந்து வந்தாலும் அடையாளம் தெரியோணும்" என்பாள்.

அப்படிப் பார்த்த ஓர் ஊருக்கு அவள் முதன்முறையாக ஓட்டிய விமானத்தில் நானும் போனேன். எனக்கு அதுதான் முதல் விமானப் பயணம். தாழ இறங்கும்போது ஜன்னல் வழியே பார்த்தேன். படத்தில் ஓடுபாதையை ஒட்டி நீலமாக இருந்த ஏரியைக் காணோம்.

பக்கத்து சீட்டு அம்மாவின் கையைப் பிடித்து, "ஏனுங்க, ஏரியவே காணமுங்க, எம்புள்ள ஊரு மாறி எறக்கறாளாட்ட இருக்குதுங்க!" என்று கத்திவிட்டேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்த அம்மா என் கையை விடவில்லை. "பயப்படாதீங்க. கோடைக்கு ஏரி வத்திப்போச்சு. அந்த மொட்டைக் குன்றைப் பாருங்க, எங்க ஊரேதான்" என்றார். படத்தில் பார்த்த அதே இடத்தில் குன்று நின்றது. சக்கரம் மெல்லத் தரையைத் தொட்டதும் நான்தான் முதலில் கைதட்டினேன்.

இறங்கியதும் மகளிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். "அதுக்குத்தானம்மா நாங்க ஏரிய மட்டும் நம்பி எறங்கறதில்ல."

அதுவரை அவள் கிளம்பும்போதெல்லாம், "பாத்துப் போ கண்ணு, பாத்து" என்று பத்து தடவையாவது சொல்வேன். இப்போது, "போயிட்டு வா கண்ணு" என்று மட்டும்தான் சொல்கிறேன்.