இருந்ததுக்குத் தெளிவு

களியக்காவிளையில் இஸ்ரவேலின் துணிக்கடைக்குப் போய்க் கல்யாணச் சேலை எடுத்தவர்களுக்கெல்லாம் செல்லபாயைத் தெரியும். எல்லை தாண்டி வருகிறவர்களிடம் மலையாளம், நம்மவர்களிடம் தமிழ். நாற்பது சேலையைப் பிரித்துப் போட்டு, ஒன்றும் எடுக்காமல் போனாலும் முகம் சுளிக்காமல் மடித்து வைப்பாள். 2006 ஜூனில் சேர்ந்தவள். காலை ஒன்பதரைக்கு நிற்கத் தொடங்கினால் இரவு எட்டரைக்குத்தான் கால் மடங்கும்.

ஒரு ஓணத்துக்கு முந்தின நாள், கால் வீங்கிப்போய், துண்டுக் கட்டின்மேல் இரண்டு நிமிடம் உட்கார்ந்துவிட்டாள். எங்கள் பக்கம் உட்காருவதற்கும் இருப்பது என்றுதான் பெயர்.

“ஏட்டி செல்லபாயி, வேல நேரத்துல இருக்கதா?” என்று கடை முழுக்கக் கேட்கும்படி இஸ்ரவேல் கத்தினார். சேலை பார்க்க வந்தவர்கள் சிரித்தார்கள். அவள் எழுந்து நின்றாள். அந்தச் சிரிப்பை அவள் மறக்கவில்லை. மறக்க வேண்டும் என்று நினைக்கவும் இல்லை.

2021-இல், கடை ஊழியர்களுக்கு இருக்கை கொடுக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. இஸ்ரவேல் பதினான்கு பிளாஸ்டிக் ஸ்டூல் வாங்கினார். அதிகாரி வந்த அன்று பதினான்கும் வரிசையாக நின்றன. அவர் போனதும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி மாடிக் குடோனுக்குப் போய்விட்டன. சட்டத்தையே அடுக்கி மூலையில் வைக்கத் தெரிந்த மனிதர் அவர்.

2025 நவம்பரில் புதிய தொழிலாளர் சட்டங்கள் நடைமுறைக்கு வந்தன. வேலையாட்கள் எல்லோருக்கும் எழுத்தில் நியமனக் கடிதம் கொடுத்தாக வேண்டும் என்று ஆடிட்டர் சொன்னார். இஸ்ரவேல் கொடுத்தார். நல்ல வழுவழுப்பான தாள்; மேலே கடையின் சின்னம். பதினான்கு பேருக்கும் வேலையில் சேர்ந்த நாள் மட்டும் ஒன்றே: 1.12.2025. கடைசியில் வேலையை விட்டுப் போகும்போது, பணிக்கொடை இத்தனை வருடத்துக்கு என்று எவளும் வாய் திறக்கக் கூடாதே!

பாவாடைப் பிரிவில் நிற்கும் அஜிஷா கண்ணைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டாள். செல்லபாய் போடவில்லை.

“மொதலாளி, நான் வந்து பத்தொம்பது வருசம் ஆச்சு.”

“அதுக்கு என்ன தெளிவு?” என்று ஆதாரம் கேட்டார் இஸ்ரவேல். “சம்பளம் கவர்ல தந்தது. ரெஜிஸ்டர் கெடையாது. நீ இஞ்ச இருந்ததுக்கு ஒரு துண்டுக் கடலாசு உண்டா? ஒப்பு போடாட்டா நாளைக்கு வராண்டாம்.”

மறுநாள் அவள் போகவில்லை. பதினான்கு பேருக்குமாகத் தொழிலாளர் அலுவலகத்துக்குப் புகார் எழுதிப் போட்டாள். கடவுள் பார்த்துக்கொள்வார் என்று சபைப் பெண்கள் ஆறுதல் சொன்னபோது, “அவரு பாக்கட்டும், நானும் பாக்குதேன்” என்றாள். மன்னிப்பைப் பற்றிப் பிரசங்கம் நடந்த ஞாயிற்றுக்கிழமையும் இஸ்ரவேலின் பிடரியைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். பழி வாங்க வேண்டும், அவர் நிற்க வேண்டும், நான் பார்க்க வேண்டும். அவளுடைய ஜெபமே அதுதான்.

ஜனவரியில் நாகர்கோவிலுக்கு இருவரையும் விசாரணைக்கு அழைத்தார்கள். அதிகாரி ஒரு பெண். அவர் மேசைக்கு முன்னால் ஒரே ஒரு நாற்காலி. “இருங்கம்மா” என்றார். செல்லபாய் இருந்தாள். இஸ்ரவேல் இன்னொரு நாற்காலி வரும் என்று வாசலைப் பார்த்தார். வரவில்லை.

“இந்தப் பொம்பள எப்பவாச்சும் ஓணம் கிறிஸ்மஸ்னா வந்து போவும் மேடம். எங்க கடையில இருந்ததுக்குத் தெளிவு ஒண்ணும் இல்ல.”

“மொதலாளி சொன்னது நேருதான் மேடம்” என்றாள் செல்லபாய். “பத்தொம்பது வருசமும் நான் அஞ்ச கடையில இருந்ததே இல்ல. நிக்கத்தான் செய்தேன்.”

பிறகு பையிலிருந்து ஒன்பது புத்தகங்களை எடுத்து மேசைமேல் வைத்தாள். சபையின் மாத மடல்கள். இஸ்ரவேலுக்கு சபைக் கமிட்டி ஆசை உண்டு. அதனால் டிசம்பர்தோறும் ஒரு முழுப் பக்கம் பிடித்து, தன் தாராள மனசை ஊருக்கு அறிவிப்பார். செல்லபாய், உலகத்தில் தன் பெயர் அச்சானது அதில் மட்டும்தான் என்பதால், கிடைத்ததை எல்லாம் பத்திரமாக வைத்திருந்தாள்.

அதிகாரி 2017-ஐத் திறந்து வாய்விட்டு வாசித்தார். “எங்கள் ஸ்தாபனத்தில் பதினோரு ஆண்டுகளாக உண்மையாய் ஊழியஞ்செய்யும் சகோதரி செல்லபாய்க்காகக் கர்த்தரை ஸ்தோத்திரிக்கிறோம். இப்படிக்கு, இஸ்ரவேல் குடும்பத்தார்.” கீழே அவருடைய சிரித்த படம்.

“படம் உங்களுடையதுதானே?”

இஸ்ரவேல் தன் சிரித்த படத்தைப் பார்த்தார். இல்லை என்றால் கர்த்தர் முன்னிலையில் பொய் சொன்னதாக ஊர் பேசும். ஆம் என்றால் செல்லபாய் ஜெயிப்பாள். “ஆமா” என்றார்.

“பதினாலு பேரும் உண்மையிலேயே சேர்ந்த தேதியை இங்கேயே எழுதிக் கையெழுத்துப் போடுங்க. கடிதமெல்லாம் புதுசாக் கொடுக்கணும்.”

இஸ்ரவேல் மேசையோரம் குனிந்து எழுதத் தொடங்கினார். நாலாவது பெயரில் முட்டியைப் பிடித்துக்கொண்டார்.

“செல்லபாயி, முட்டு வேதனை தாங்கல்ல. செத்த எழும்பித் தா.”

அவள் அவரை நிதானமாக நிமிர்ந்து பார்த்தாள். உள்ளுக்குள் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

“வேல நேரத்துல இருக்கதா மொதலாளி?” என்றாள். பிறகு அஜிஷா சேர்ந்தது 2013 ஏப்ரல் எட்டாம் தேதி என்று, இருந்தபடியே சொன்னாள்.