மேலகரத்தில் வந்த மூச்சு

யுத்தம் தொடங்குவதற்கு முந்தின வருஷம். ஆடி பிறந்து சில நாள் ஆகியிருந்தது. குற்றாலத்தில், ஆற்றங்கரைக்குப் பக்கத்து வாடகை வீட்டில், என் மனைவி சிவகாமி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சுக்குத் திணறினாள். நடுப்பகல்தான், ஆனால் சாரல் இருட்டு. அருவிப் பக்கத்திலிருந்து ஜனங்களின் ஆனந்தக் கூச்சல் கேட்டது. நல்ல காற்று என்று சொல்லித்தான் அவளை இந்த ஊருக்குக் கூட்டி வந்திருந்தேன். அந்த நல்ல காற்று அவள் நெஞ்சுக்குள் போக மறுத்தது.

நான் என்ன செய்தேன்? கதவைத் திறந்தேன். மூடினேன். மறுபடியும் திறந்தேன். முப்பது வருஷத்துக்கு மேல் அரசாங்க வேலை பார்த்தவன். எந்தக் காரியத்துக்கும் முதலில் எங்கே போக வேண்டும், பிறகு யாரைப் பார்க்க வேண்டும் என்று ஊருக்கே சொன்னவன். அன்றைக்கு எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

பண்பொழித் திருமலைக் குமாரனை நம்பி வாழ்கிற அன்பர்களுக்காக இதை எழுதுகிறேன். நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன். கூட்டிச் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை. கூட்டிச் சொன்ன மனுக்களைக் கண்டுபிடிப்பதே என் வேலையாக இருந்தது.

நான் தாலுகா கச்சேரியில் சிரஸ்தாராக இருந்து ஓய்வு பெற்றவன். தாசில்தாருக்கு அடுத்த நாற்காலி. ஜில்லாவில் நான் மாற்றலாகிப் போகாத தாலுகா இல்லை. சிவகாமி ஒவ்வோர் ஊரிலும் ஒரு முருங்கைக் கம்பை நட்டு வைப்பாள். அது காய்க்கிற சமயத்தில் எனக்கு மாற்றல் உத்தரவு வரும். எங்களுக்குக் குழந்தைகள் இல்லை. ஆகவே ஓய்வுக்குப் பின் எங்கே இருப்பது என்று தீர்மானிக்க நாங்கள் இரண்டு பேர்தான். உண்மையில் நான் ஒருவன்தான். எங்கே அழைத்தாலும் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்தவளிடம் கேட்பதற்கு என்ன இருக்கிறது என்பது என் எண்ணம்.

வேலையில் இருந்த கடைசி வருஷம் முழுவதும் ஊர்களை விசாரணை செய்தேன். செங்கோட்டை நல்ல ஊர், ஆனால் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருக்கிறது. பென்ஷன் வாங்க, நான் இன்னும் சாகவில்லை என்று காட்ட எல்லை தாண்டி வந்து நிற்க வேண்டியிருக்கும். வடகரையில் சிவகாமியின் தம்பி இருக்கிறார், வயலும் தென்னையும் உண்டு. ஆனால் மைத்துனர் இருக்கிற ஊரில் மாப்பிள்ளை மரியாதை சில மாதத்துக்கு மேல் தாங்காது. தென்காசியில் கோயில் உண்டு, ரயில் உண்டு, டாக்டர் உண்டு. ஆனால் திரும்பின பக்கமெல்லாம் வக்கீல்களும் கட்சிக்காரர்களும். கச்சேரியை விட்டு வந்தவன் கச்சேரி வாசலிலேயே குடியிருப்பதா? குற்றாலந்தான் என் நெடுநாளைய ஆசை. வருஷா வருஷம் ஆடியில் நாலு நாள் லீவு போட்டு வந்து, எண்ணெய் தேய்த்து அருவியில் நின்றுவிட்டு, திரும்பிப் போக மனமில்லாமல் ரயிலேறினவன் நான்.

ஆனாலும் முடிவு எடுக்க முடியவில்லை. ஒரு வீட்டில் கிணறு பொது. ஒரு வீட்டில் பங்காளிகள் கையெழுத்துப் போடவில்லை. ஒரு வீட்டில் எல்லாம் சரி, அதனாலேயே சந்தேகம். கூடவே அலைந்த மைத்துனருக்கு அலுத்துப்போயிற்று. "அத்தான், நீங்க வீடு பாக்குதீங்களா, ஜமாபந்தி நடத்துதீங்களா?" என்று கேட்டார். சிவகாமி சிரித்தாள். அந்தச் சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. இருமல் என் காதில் விழுந்தது. அதற்கு மேல் அதை நான் விசாரிக்கவில்லை.

கடைசியில் குமாரனிடமே கேட்டுவிடலாம் என்று நினைத்தேன். நம் வழக்கப்படி பூக்கட்டிப் பார்ப்பது. வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், அது குற்றாலம். சிவப்புப் பூ ஒரு பொட்டலம், அது தென்காசி. பண்பொழி மலையடிவாரத்தில் சிவகாமி முழங்கால் வலிக்கிறது என்று உட்கார்ந்துவிட்டாள். நான் மட்டும் ஏறினேன். சந்நிதியில் பொட்டலங்களை வைத்து வணங்கி, தரிசனத்துக்கு வந்திருந்த ஒரு சின்னப் பெண்ணை எடுக்கச் சொன்னேன். வெள்ளை வந்தது. இறங்கும்போது என் காலில் வயசே தெரியவில்லை.

சிவகாமியிடம் சொன்னேன். "சரிங்க" என்றாள். அவ்வளவுதான்.

சித்திரையில் குடிபோனோம். அருவியில் பாறைதான் தெரிந்தது. கடைத்தெருவில் பாதிக் கடை மூடியிருந்தது. குரங்குகளுக்கு மட்டும் குறைவில்லை. காயப்போட்ட வடகத்தை எடுத்துப் போய், எதிர் வீட்டு ஓட்டின் மேல் உட்கார்ந்து, எங்களைப் பார்த்துக்கொண்டே தின்றன. லீவில் வருகிறவனுக்கு ஒரு ஊர், குடியிருக்கிறவனுக்கு வேறு ஊர் என்பது அப்போதுதான் புரிந்தது. இருந்தாலும் நான் விடவில்லை. சாரல் வரட்டும், அப்புறம் பார் என்றேன். அந்த வீட்டையே விலைக்கும் பேசினேன்.

சாரல் வந்தது. சுவரில் பாசி பிடித்தது. வேட்டி எத்தனை நாளானாலும் காயவில்லை. தலையணையில் பூஞ்சை வாடை. சிவகாமி படுப்பதை விட்டுவிட்டு உட்கார்ந்தபடியே தூங்க ஆரம்பித்தாள். கேட்டால் புது இடம், தூக்கம் வரவில்லை என்பாள். நான் நம்பினேன். பத்திரம் எழுத நாள் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அந்தப் பகல் வந்தது.

சீசன் கூட்டத்தில் பஸ்ஸில் காலை வைக்க இடமில்லை. ஒரு மாட்டு வண்டிக்காரர் இரக்கப்பட்டு ஏற்றிக்கொண்டார். தென்காசி டாக்டரிடம் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். வண்டிக்குள் சிவகாமி என் தோளில் சாய்ந்துகொண்டாள். உதடு நிறம் மாறியிருந்தது. கூண்டின் மேல் மழை அடித்தது. எனக்குக் குமாரன் மேல் கோபம் வந்தது. மலையேறி வந்து கேட்டேனே, வெள்ளைப் பூவைக் கொடுத்தாயே என்று முனகினேன். அவளுக்குக் கேட்டுவிட்டது.

"சாமிய ஏன் வையுதீங்க," என்றாள், ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் நின்று நின்று. "எனக்கு ரெண்டு வருசமா இளைப்பு. அன்னைக்கு முழங்காலு வலிக்கலை. மூச்சு முட்டிச்சு."

"ஏன் சொல்லலை?"

"நீங்க ஊரைத்தான கேட்டீங்க. என்னைய எப்பம் கேட்டீங்க?"

எத்தனையோ மனுக்கள் எழுதியிருக்கிறேன், பிறர் எழுதியதைத் திருத்தியிருக்கிறேன். முதலில் வணக்கம், பிறகு விவரம், பிறகு ஆதாரம், கடைசியில் கோரிக்கை. குமாரனிடமும் அதுவரை அந்த வரிசையில்தான் பேசி வந்தேன். அன்றைக்கு ஒரு வரிசையும் வாயில் வரவில்லை. "முருகா, மூச்சு. ஊர் வேண்டாம், வீடு வேண்டாம். மூச்சு" என்றேன். திரும்பத் திரும்ப அதையே சொன்னேன். அழுதுகொண்டுதான் சொன்னேன்.

மேலகரத்தில் வண்டி நின்றது.

ஓலைக் குடையோடு ஓர் அம்மாள் வழியை மறித்து நின்றார். நல்ல உயரம், வெற்றிலை வாய். அவர் பெயர் உலகம்மாள் என்றும், கணவர் போன பின் வயலையும் நெல்லையும் தாமே கவனித்து வருகிறவர் என்றும் பிறகு தெரிந்துகொண்டேன். வாய்க்கால் உடைந்து ரோட்டின் மேல் ஓடுகிறது, வண்டி போகாது என்றார். சொல்லிக்கொண்டே உள்ளே எட்டிப் பார்த்தார்.

"இந்தப் பிள்ளைக்கு மூச்சுல்லா இழுக்குது. எங்கன கொண்டு போதீங்க அண்ணாச்சி?"

தென்காசி டாக்டரிடம் என்றேன்.

"டாக்டரு எங்கனயும் போயிர மாட்டாரு. இவ போயிராமப் பாருங்க. இறக்குங்க."

பழக்கதோஷத்தில் நான் இன்னார், சிரஸ்தாராக இருந்து ஓய்வு பெற்றவன் என்று ஆரம்பித்தேன்.

"இருந்துட்டுப் போங்க. அந்தக் கையப் பிடிங்க," என்றார்.

பின்கட்டில் ஓர் அறை. சுவருக்கு அந்தப் பக்கம் நெல் அவிக்கிற அடுப்பு. அந்த மழையிலும் சுவர் கதகதவென்று இருந்தது. தரை காய்ந்திருந்தது. காய்ந்த தரையை மிதித்து எத்தனை காலம் ஆயிற்று என்று என் பாதத்துக்குத்தான் தெரியும். சிவகாமியின் ஈரச் சேலையை மாற்றி, அந்தச் சுவரில் சாய்த்து உட்கார வைத்தார்கள். சுக்கும் மிளகும் தட்டிப்போட்ட வெந்நீரை மடக்கு மடக்காகக் கொடுத்தார் உலகம்மாள். கொடுத்துக்கொண்டே என்னைத் திட்டினார். இளைப்புக்காரியை ஆற்றங்கரையில் கொண்டுபோய் வைத்த ஆளை இன்றைக்குத்தான் பார்ப்பதாகச் சொன்னார். இவர் படித்தவர்தானா என்று வண்டிக்காரரிடம் விசாரித்தார்.

நான் அறை வாசலில் நின்று முருகா முருகா என்று சொல்லிக்கொண்டிருந்தேன். இழுப்பு மெல்ல மெல்லத் தணிந்தது. விளக்கு வைக்கிற நேரத்தில் சிவகாமி கண்ணைத் திறந்தாள். "பசிக்குது" என்றாள்.

அன்பர்களே, எனக்குக் கிடைத்த தரிசனம் அதுதான். குமாரன் மயிலேறி வருவான் என்கிறோம். என்னிடம் ஓலைக் குடை பிடித்து, வெற்றிலை மென்றுகொண்டு வந்தான். வந்து திட்டினான். இதை அலங்காரத்துக்குச் சொல்லவில்லை, அப்படித்தான் நம்புகிறேன். அந்த வாய்க்கால் உடையாமல் இருந்திருந்தால் வண்டி நின்றிருக்காது. தென்காசி வரை அவள் தாங்கியிருக்க மாட்டாள் என்று மறுநாள் வந்த டாக்டரே சொன்னார். அவர் கொடுத்த மருந்தும் வேலை செய்தது, அதையும் நான் மறைக்கவில்லை.

வெள்ளைப் பூ ஏன் வந்தது? எனக்குத் தெரியாது. குற்றாலத்துக்குப் போனதால்தானே மேலகரம் வந்தீர்கள் என்று சிலர் விளக்கம் சொல்கிறார்கள். அந்த விளக்கத்தில் எனக்குப் பாதி திருப்தி. குமாரனிடமும் கேட்டிருக்கிறேன். பதில் வரவில்லை. ஞாபகக் கடிதம் போடும் உத்தேசம் இல்லை.

வாய்க்கால் அடைபடும் வரை தங்கலாம் என்றார் உலகம்மாள். வாய்க்காலை அடைத்தார்கள். நாங்கள் கிளம்பவில்லை. குற்றாலத்து வீட்டுப் பேச்சை விட்டுவிட்டேன். ஆவணியில் ஒரு நாள் சிவகாமியிடம், கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவையாக, அவளுக்கு எங்கே இருக்க ஆசை என்று கேட்டேன். வெகுநேரம் யோசிப்பாள் என்று எதிர்பார்த்தேன்.

"இந்தச் சொவருகிட்ட," என்றாள்.

அந்தப் பின்கட்டில் குடியிருப்பது இது மூன்றாம் வருஷம். என் மனம் முழுக்க அடங்கிவிட்டது என்று சொன்னால் பொய். சாரல் காற்று அடித்தால் கால் தானாகத் தெருவில் இறங்குகிறது. இலஞ்சிப் பக்கம் ஒரு வீடு விலைக்கு வருகிறது என்று காதில் விழுந்தால் போய்ப் பார்க்கிறேன். கிணற்றை எட்டிப் பார்க்கிறேன், பங்காளிகளை விசாரிக்கிறேன். பிறகு வீட்டுக்குத் திரும்பி வந்துவிடுகிறேன். என் மட்டில் அது பெரிய மாற்றம். மார்கழிப் பனியில் அவளுக்கு இளைப்பு தலைகாட்டத்தான் செய்கிறது. அப்போது ஊர் மாற்றுவதைப் பற்றிப் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக் கொடுக்கிறேன். காலையில் விபூதி பூசும்போது குமாரனிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். அது என்ன என்று இனி நான் சொல்ல வேண்டியதில்லை.

எங்கே போவது, எங்கே இருப்பது என்று தவிக்கிறவர்கள் உங்களில் இருக்கக்கூடும். அவனிடம் துணிந்து கேளுங்கள். ஆனால் நீங்கள் முன்னமே எடுத்த முடிவுக்கு அவன் கையெழுத்தை வாங்கப் பார்க்காதீர்கள். எது வலிக்கிறதோ அதைச் சொல்லுங்கள். உங்களுக்கு வலிப்பதை மட்டுமல்ல, பக்கத்தில் இருப்பவருக்கு வலிப்பதையும் கேட்டறிந்து சொல்லுங்கள். அவன் வருவான். எந்த வேஷத்தில் வருவான் என்று மட்டும் நீங்கள் தீர்மானிக்காதீர்கள்.

இன்று காலை ஈரத் துண்டைக் கட்டிலின் மேல் போட்டுவிட்டேன். சிவகாமி துண்டில் ஆரம்பித்து, நான் வேலையில் சேர்ந்த காலம் வரைக்கும் போய், நடுவில் ஓர் இடத்திலும் மூச்சுக்கு நிற்காமல் என்னைத் திட்டி முடித்தாள். நான் கைகூப்பி நின்று கேட்டேன். கேலி செய்கிறேன் என்று நினைத்து, முதலிலிருந்து மறுபடியும் ஆரம்பித்தாள்.