ஒற்றைக்கண் இறால்கள்

பிச்சைமுத்து பிறந்தது மலேசியாவில், ஆயர் தாவார் பக்கத்து ரப்பர் தோட்டத்தில். மரங்களைச் சாய்த்து எண்ணெய்க்குச் செம்பனை நட்டபோது குடும்பம் டவுனுக்கு வந்துவிட்டது. இப்போது அவருக்குக் கடலோரத்து இறால் ஆய்வு நிலையத்தில் வேலை. தாய் இறால் தொட்டிகள் அவர் பொறுப்பு. தண்ணீர் மாற்றுவார், கணவாயும் கடல்புழுவும் நறுக்கிப் போடுவார். இன்னொரு வேலையும் உண்டு. அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசமாட்டார்கள்.

தொட்டியில் அடைத்த பெண் இறால் லேசில் சினை பிடிக்காது. சினையை வளரவிடாமல் தடுக்கும் சுரப்பி அதன் கண் காம்பில் இருக்கிறதாம். ஒரு கண்ணை எடுத்துவிட்டால் சில நாளில் முட்டை கட்டிவிடும். பல ஊர்களில் இப்படித்தான் செய்கிறார்கள். பிச்சைமுத்து இடுக்கியைக் காய்ச்சி, இறாலை ஈரத்துணியில் பிடித்து, “முருகா” என்று வாய்க்குள் சொல்லி, ஒரே நசுக்கில் முடித்துத் தண்ணீரில் விட்டுவிடுவார்.

மனைவி விமலாவின் வலது கண்ணில் பூ விழுந்தபோதுதான் அந்தப் பேச்சு வந்தது. மாரியம்மனுக்கு வெள்ளியில் கண்மலர் வாங்கிச் சாத்தினார்கள். ஈப்போ ஆஸ்பத்திரியில் பார்த்த டாக்டர், அறுவை செய்தால் தெளிந்துவிடும், தள்ளிப்போட்டால் இருக்கிற வெளிச்சமும் போகும் என்றார். விமலா தேதி வாங்க மறுத்துவிட்டாள்.

“நீங்க அங்க கண்ண எடுக்குறீங்க, எனக்கு இங்க போவுது. மொதல்ல அத நிறுத்துங்க. அப்புறம் நான் கத்திக்குக் கண்ணக் காட்டுறேன்.”

அவர் மனத்திலும் அந்தச் சந்தேகம் முள்ளாகக் கிடந்தது.

மறுநாள் ஆய்வாளர் டாக்டர் ஷர்மினியிடம் போய்ச் சொன்னார். ஈப்போ பக்கத்துச் சிலிபின்காரப் பெண், கேட்டுச் சிரிக்கவில்லை. அவர் ஆராய்ச்சியே அதைப் பற்றித்தான். இருட்டறையும் நல்ல தீனியும் கொடுத்தால், கண்ணை எடுக்காமலே இறால் முட்டையிடுமா என்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் கண் எடுத்த இறால் ஒரு தொட்டி வேண்டும். பிச்சைமுத்து இருட்டறையைக் கவனிக்கட்டும், இடுக்கியைத் தனேஷ் எடுத்துக்கொள்ளட்டும் என்று ஏற்பாடு செய்தார். தனேஷ் அங்கே கூட வேலை செய்பவன், பிள்ளைகுட்டிக்காரன்.

“அண்ணே, எனக்கு மட்டும் கண்ணு என்ன வாடகைக்கா வந்துருக்கு?” என்றான். ஆனாலும் செய்தான்.

அவனுக்கு அது பழகாத வேலை. ஒரு நசுக்கில் முடிய வேண்டியதை இரண்டு மூன்று தடவை செய்தான். அதுவரை இறால் தண்ணீருக்கு வெளியே துடித்தது. விடிந்து பார்த்தால் பல இறால்கள் பக்கவாட்டில் கிடந்தன. மீதியும் தீனி தொடவில்லை. வேறு வழியில்லை, மறுபடி கடலிலிருந்து தாய் இறால் வாங்கி, மறுபடி கண் எடுக்க வேண்டும் என்றார் ஷர்மினி. அவர் பிச்சைமுத்துவைப் பார்த்துச் சொல்லவில்லை. செத்ததை வாளியில் அள்ளிக்கொண்டிருந்தவர் பிச்சைமுத்துதான்.

புது இறால்கள் வந்த அன்று பிச்சைமுத்துவே போய் இடுக்கியை வாங்கிக்கொண்டார்.

சாமிக்குப் பயந்தவர், வீட்டில் மறைக்கவில்லை. விமலா அரிசி களைந்துகொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். தனேஷ் கையில் எத்தனை போச்சு என்றாள். பாதிக்கு மேல் என்றார்.

“நீங்க செஞ்சா?”

“ஒன்னு ரெண்டு போவும். சில தடவ அதுவும் இல்ல.”

இருட்டறையில் கண்ணோடு இருந்த இரண்டு இறால் முட்டையிட்டதையும் சொன்னார். முட்டை கொஞ்சம்தான், நாளும் பிடித்தது. அது சரிப்பட்டு வந்தால் யாருமே இடுக்கி எடுக்க வேண்டாம். எப்போ என்று கேட்டாள்.

“ஷர்மினி டாக்டருக்கே தெரியலலா.”

விமலா விளக்கேற்றி, மாரியம்மன் படத்துக்கு முன்னால் வெகுநேரம் நின்றாள். பிச்சைமுத்து சாப்பிடாமல் காத்திருந்தார். வந்து சோறு போட்டாள்.

“அப்ப நீங்களே செய்யுங்க. அடுத்தவங்க கையில வுட்டு அதுங்கள வதைக்க வேணாம்,” என்றாள். “ஆஸ்பத்திரியில தேதி கேளுங்க. செவ்வா வெள்ளி மட்டும் வேணாம்.”

காலையில் போன் போட்டார். புதன்கிழமை கிடைத்தது.