பலாபத்வலயில் எனக்குத் தமிழ் தெரியாமல் போன காலை

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஆகஸ்ட் விடுமுறையில் ஒரு சனிக்கிழமை காலை. மாத்தளை பஸ் நிலையத்தில் நானும் என் மகளும் கலேவெல பஸ்ஸில் ஏறி உட்கார்ந்திருந்தோம். அவளுக்கு அப்போது பதின்மூன்று வயது. கலேவெலயில் ஒரு சிறிய சபையின் பெண்கள் ஜெபக்கூட்டத்தில் பேச என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். தலைப்பு, ஆவிக்குரிய விழிப்பு. நாலு தாளில் எழுதி மடித்துக் கைப்பையில் வைத்திருந்தேன்.

விழிப்பைப் பற்றிப் பேச என்னைவிடப் பொருத்தமானவர் இல்லை என்றுதான் நினைத்திருந்தேன். பஸ்களில் குண்டு வெடிக்கும் காலம்; ஏறினால் முதலில் சீட்டுக்கு அடியில் குனிந்து பார்ப்பேன். கூட்டம் உள்ள கடைக்குள் மகளை விடமாட்டேன். பஸ்ஸில் அவள் தமிழ் பேசக் கூடாது; 'அம்மா' என்று கூப்பிடலாம், அது இரண்டு பாஷைக்கும் பொது. நாங்கள் பொட்டு வைப்பதில்லை. எங்கள் பெயர்களும் எந்தப் பக்கத்துப் பெயர் என்று சொல்ல முடியாதவை. சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. ஒன்றே ஒன்றுதான் இடித்தது. என் அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று இருக்கிறது; சாவடிகளில் சந்தேகப்பட அது போதும். அப்பாவுக்கு மாத்தளையில் அரசாங்க உத்தியோகம். அம்மா தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போனதால் வந்தது அது. முப்பத்தொன்றாம் நாள் என்னைத் தூக்கிக்கொண்டு திரும்பிவிட்டார்களாம். அந்த முப்பத்தொரு நாளை நாற்பது வருடமாகக் கைப்பையில் சுமக்கிறேன்.

பஸ் நிரம்புவதற்கு முன் ஒரு பெண் வந்து எங்கள் சீட்டின் ஓரத்தில் நின்றார். என் வயதுதான் இருக்கும். நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு.

"அம்மா, இது கலேவெல பஸ்தானுங்களே?"

பக்கத்தில் யாரும் இல்லாததால் நான் தமிழிலேயே, "ஆமா, உட்காருங்க" என்றேன். அவ்வளவு போதுமாக இருந்தது அவருக்கு. மடமடவென்று சொன்னார். தேயிலைத் தோட்டத்திலிருந்து விடிவதற்குள் நடந்து வந்திருக்கிறார். மகள் கலேவெலயில் ஒரு வீட்டில் வேலை செய்கிறாள். டெங்கு காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள்.

"பன்னெண்டு மணிக்குத்தான் வார்டுக்குள்ள விடுவாங்களாம். அத விட்டா சாயந்தரந்தானாம். ஒண்ணும் திங்க மாட்டேங்குதாம். எங் கையால குடுத்தா குடிக்குமுங்க" என்று சொல்லிப் பையைத் திறந்து காட்டினார். ஒரு பிளாஸ்க்கில் கஞ்சி, ஒரு துவாய், ஒரு கவுன். அடையாள அட்டை இன்னும் வரவில்லை என்றும், தோட்டத்துத் துரை கொடுத்த கடிதம் இருப்பதாகவும் சொன்னார். பிறகு பஸ் நிரம்பியது. நான் பேச்சை நிறுத்தி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அலுவிகாரை தாண்டி, பலாபத்வல தாண்டியதும் சோதனைச் சாவடி. சீருடையில் ஓர் இளைஞர் ஏறினார். எங்கள் சீட்டுக்கு வந்ததும் பொட்டைப் பார்த்தார். அடையாள அட்டை கேட்டார். அந்தப் பெண் கடிதத்தை நீட்டினார். அது ஆங்கிலத்தில் இருந்தது. அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிங்களத்தில் ஏதேதோ கேட்டார். பெண்ணுக்கு அரைகுறையாகத்தான் புரிந்தது. அந்தப் பெண் என் பக்கம் திரும்பி, "அம்மா, என்னா கேக்குறாரு? நீங்க கொஞ்சம் சொல்லுங்களேன்" என்றார்.

சீருடைக்காரரும் என்னைப் பார்த்தார். "நோனாவோட வந்தவங்களா? என்ன சொல்றாங்க?" என்று சிங்களத்தில் கேட்டார். சிங்களப் பெண்களை மரியாதையாகக் கூப்பிடும் சொல், நோனா.

என் அட்டை கையில் இருந்தது. மகளின் முழங்கால் என் முழங்காலைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"தெரியாது, மாத்தயா. எனக்குத் தமிழ் தெரியாது" என்றேன். நல்ல சுத்தமான சிங்களத்தில்.

அந்தச் சிங்களம் போதும். என் அட்டையை அவர் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்தப் பெண் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. ஏதோ தவறான ஆளிடம் கேட்டுவிட்டோமோ என்று குழம்புகிறவர் மாதிரி பார்த்தார். அவரை இறக்கிக் கொண்டுபோனார்கள். வேதத்தில், ஆண்டவரைத் தெரியாது என்று சொன்ன சீஷனுக்குக் கூவிய மாதிரி, சேவல் எதுவும் கூவவில்லை. பஸ் கியர் மாற்றிப் புறப்பட்டது, அவ்வளவுதான். நான் ஆண்டவருக்கு நன்றி சொன்னேன். ஆமாம், நன்றிதான் சொன்னேன்.

ஐந்து நிமிடம் போயிருக்காது. நின்றுகொண்டு வந்த ஒருவர் கீழே பார்த்து, "இது யாருடைய பை?" என்றார். சீட்டின் ஓரத்தில், என் காலடிக்குப் பக்கத்தில், அந்தப் பெண்ணின் பை.

அந்த நாட்களில் பஸ்ஸில் சொந்தக்காரர் இல்லாத பை என்றால் என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். "இறக்கிவிட்டாங்களே, அந்தத் தமிழ்ப் பொம்பளை வச்சது" என்று ஒரு குரல். பின் வாசலில் தள்ளுமுள்ளு. டிரைவர் பஸ்ஸை நிறுத்தினார். "சாவடிக்கு ஓடிப்போய்ச் சொல்லுங்க" என்று யாரோ கத்தினார்.

அப்போதுதான் எனக்குள் ஏதோ அறுந்தது. அட்டை இல்லாத ஒரு பெண் பஸ்ஸில் பையை விட்டுப் போனாள் என்று சாவடியில் போய்ச் சொன்னால் அவர் கதி என்ன? அந்தப் பைக்குள் என்ன இருக்கிறது என்று அந்த பஸ்ஸில் தெரிந்தவர்கள் நானும் என் மகளும்தான். மகள் என்னைப் பார்த்தாள். அவள் வாயைத் திறக்கவில்லை. பேசாதே என்று நான்தானே பழக்கியிருந்தேன்.

நான் பையைத் தூக்கி மடியில் வைத்துத் திறந்தேன். "கஞ்சி. துவாய். கவுன். பிள்ளை ஆஸ்பத்திரியில். அந்த அம்மா என்கிட்ட சொன்னாங்க" என்றேன்.

கண்டக்டர் முன்னால் வந்தார். "எந்த பாஷையில சொன்னாங்க, நோனா?"

"தமிழ்ல. நானும் தமிழ்தான்."

"அப்ப அங்க எதுக்கு அப்படிச் சொன்னீங்க?"

பையைத் தூக்கிக்கொண்டு, மகளின் கையைப் பிடித்து இறங்கினேன். பஸ் போய்விட்டது. வெயிலில் திரும்பி நடந்தோம். ஒன்றைச் சொல்ல வேண்டும்: அந்த வீதியில் மகள் தமிழில் பேசிக்கொண்டே வந்தாள், நான் தடுக்கவில்லை.

சாவடியில் அந்தப் பெண் ஒரு பலகையில் உட்கார்ந்திருந்தார். நான் அந்த இளைஞரிடம் போய், "பொய் சொல்லிவிட்டேன். எனக்குத் தமிழ் தெரியும். கடிதத்தையும் வாசித்துச் சொல்கிறேன்" என்றேன். துணிச்சலாகத் திரும்பி வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றுதான் நம்பியிருந்தேன்.

அவர் நம்பவில்லை. ஏன் நம்ப வேண்டும்? "அப்ப ஒண்ணு சொன்னீங்க, இப்ப ஒண்ணு சொல்றீங்க. இதுல எது பொய்?" என்றார். இப்போது என் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். பிறந்த இடத்தையும் பார்த்தார். என்னால் அந்தப் பெண்ணுக்கு உதவி வரவில்லை, சந்தேகம்தான் கூடியது. எங்கள் இருவருக்கும் முன்பே ஏதோ பழக்கம் என்று நினைத்தார்கள். ஆங்கிலம் தெரிந்த அதிகாரி வரும் வரை மூன்று பேரும் இருக்க வேண்டும் என்றார்கள்.

என் கைப்பையைக் கொட்டினார்கள். நாலு தாள் வெளியே வந்தது. "இது என்ன? சிங்களத்தில் சொல்லுங்க."

வாசித்தேன். என் மகளுக்கு முன்னால், நான் தெரியாது என்று சொன்ன அந்தப் பெண்ணுக்கு முன்னால், விழிப்பைப் பற்றி நான் எழுதியதை ஒவ்வொரு வரியாகத் தமிழில் வாசித்துச் சிங்களத்தில் சொன்னேன். பயம் வரும் நேரத்தில்தான் நம் விசுவாசம் தூங்கிவிடும் என்று இரண்டாம் தாளில் எழுதியிருந்தேன். அந்த வரியைத் தலையைத் தூக்காமல் சொன்னேன்.

அவர் கடைசிவரை கேட்டார். பிறகு, "நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. காலையில இதை வாசிக்கலயா?" என்று கேட்டார்.

என் வாழ்நாளில் நான் கேட்ட பிரசங்கங்களில் அவ்வளவு சுருக்கமானது வேறில்லை.

அதிகாரி வந்து கடிதத்தை வாசித்து எங்களை அனுப்பும்போது மணி பன்னிரண்டே முக்கால். கலேவெல போய்ச் சேரும்போது பார்வை நேரம் முடிந்திருந்தது. ஜெபக்கூட்டமும் முடிந்திருக்கும், நான் அந்தப் பக்கம் போகவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் ஐந்து மணி வரை மூவரும் உட்கார்ந்திருந்தோம். கஞ்சி புளித்துவிட்டது. அந்தப் பெண் அதைக் கொட்டி, பிளாஸ்க்கைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"மன்னிச்சிருங்க, அக்கா" என்றேன்.

அவர் பிளாஸ்க்கின் மூடியை இறுக்கித் திருகினார். பிறகு, "அது என்னாங்க, மாத்தளயில தமிழ் தெரிஞ்சிச்சு, பலாபத்வலயில மறந்து போச்சு? அதுக்குள்ள அம்புட்டுத் தூரமா?" என்றார். என் மகள் சிரித்துவிட்டாள். அவரும் சிரித்தார். நான் அழுதேன். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் மறுபடி கேட்கவில்லை. ஐந்து மணிக்கு உள்ளே போய் வந்து, "எந்திரிச்சு உக்காந்திருக்கு. கஞ்சி எங்கன்னு கேக்குது" என்று மட்டும் சொன்னார். சுடச்சுடக் கஞ்சிக்கு எங்கே போவது? வாசலில் இருந்த கடையில் பாணும் தேத்தண்ணியும் வாங்கிக் கொடுத்தோம்.

இதைச் சபையில் சொன்னபோது எல்லோரும் என்னைத் தேற்றத்தான் பார்த்தார்கள். பொம்பளைப் பிள்ளையை வைத்துக்கொண்டு வேறென்ன செய்திருக்க முடியும் என்றார்கள். திரும்பிப் போனதுதான் புத்தியில்லாத வேலை என்று ஒரு மூத்த சகோதரி கடிந்துகொண்டார். இதையெல்லாம் கூட்டத்தில் சொல்லாதே, எழுதாதே என்றும் சொன்னார். அவர்கள் அன்பாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்த ஆறுதல் எனக்கு வேண்டாம். பிள்ளைக்காகத்தான் பொய் சொன்னேன் என்றால், அந்தப் பொய்யைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டது யார்? அந்தப் பிள்ளைதானே. பல வருடமாக என் பயத்துக்கு நான் விழிப்பு என்று பெயர் வைத்து, அதைப் பக்தி என்று அவளுக்கும் ஊட்டியிருக்கிறேன். வாசலை எல்லாம் பூட்டிவிட்டுத் திருடனை வீட்டுக்குள் சோறு போட்டு வளர்த்திருக்கிறேன்.

அந்த நாலு தாளையும் பிறகு எந்தக் கூட்டத்திலும் வாசிக்கவில்லை. விழிப்பைப் பற்றிப் பேசக் கூப்பிட்டால் இந்தக் கதையைத்தான் சொல்கிறேன். சிலர் முகத்தைச் சுளிக்கிறார்கள். சுளிக்கட்டும்.

சாவடி இன்னும் அங்கேதான் இருக்கிறது. மாதத்தில் இரண்டு தடவையாவது அந்த வழியாகப் போகிறோம். நானும் மகளும் பஸ்ஸில் தமிழில்தான் பேசிக்கொள்கிறோம், தேவைக்கு அதிகமாகவே பேசுகிறோம். எனக்குப் பயம் போகவில்லை. பலாபத்வல தாண்டி பஸ் மெதுவாகும்போது இன்றும் வாய் உலர்ந்துபோகிறது, ஆனால் இப்போது நான் முதலில் குனிந்து பார்ப்பது சீட்டுக்கு அடியில் அல்ல, எனக்குள்ளே.