நனையாத நாலாவது டவல்

இது நடந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம்புங்கள் என்று யார் காலிலும் விழப்போவதில்லை. சிரிக்கிறவர்கள் தாராளமாகச் சிரிக்கலாம். நான் இன்னும் அந்த ஓட்டலில்தான் வேலை பார்க்கிறேன். அதே மூன்றாவது மாடி. இடுப்பில் அதே சாவிக்கொத்து.

பேய் என்றதும் நடுராத்திரி, பாழடைந்த பங்களா, நாய் ஊளை என்று எதிர்பார்ப்பீர்கள். இது பட்டப்பகல். கட்டடம் புத்தம்புதிது. பெயின்ட் வாசனை கூடப் போகவில்லை. பல மெத்தைகளுக்கு பிளாஸ்டிக் உறையையே அந்த வாரம்தான் கழற்றினோம். அங்கே செத்துப்போக யாருக்கும் நேரமே கிடைத்திருக்கவில்லை.

பெரிய தீம் பார்க் அது. அதற்குள்ளேயே ஒரு ரிசார்ட். அங்கே தங்க வசதி இல்லாத குடும்பங்களுக்காகப் பின்பக்கச் சாலையில் சின்னச் சின்ன ஓட்டல்கள் முளைத்தன. எங்களுடையது அந்த வரிசையில் கடைசி. மூன்று மாடி, முப்பது அறை. மூன்றாவது மாடியில் இருந்த 304-இன் ஜன்னலைத் திறந்தால் பார்க்கின் ராட்சத ராட்டினம் முழுசாகத் தெரியும்.

நான் ஹவுஸ்கீப்பிங் பொறுப்பு. பதினாறு வருஷ அனுபவம். என் தங்கச்சிக்கு அதுதான் முதல் வேலை. புருஷன் வீட்டிலிருந்து ஒரே ஒரு பையோடு கிளம்பி வந்தவள். நான்தான் கையைப் பிடித்துக் கூட்டிவந்து சேர்த்துவிட்டேன். மொட்டை மாடியில் எங்கள் இருவருக்கும் ஒரு அறை கொடுத்திருந்தார்கள். அந்த வேலை போனால் அவள் திரும்பிப் போக ஒரே ஒரு வீடுதான் இருந்தது. அந்த வீட்டுக்கு அவளை அனுப்புவதில்லை என்று நான் முடிவு செய்திருந்தேன்.

மேனேஜருக்கு நாங்கள் வைத்த பெயர் 'பதினொன்னு'. செக்-அவுட் பதினொரு மணி. பதினொன்று அடித்து ஒரு நிமிஷம் ஆனாலும் மனுஷன் படியேறி வந்துவிடுவார்.

"எமன் கூட கொஞ்சம் இரக்கம் பார்ப்பான்க்கா, இவரு பார்க்க மாட்டாரு" என்பாள் தங்கச்சி.

எங்கள் ஓட்டலில் இரவில்தான் கூச்சல். காலையில் எல்லோரும் பார்க்குக்குப் போய்விடுவார்கள். அதற்குப் பிறகு ஒரு நிசப்தம் வரும். எனக்கு அது பிடிக்கும். துணிகள் அடுக்கும் அறையில் புத்தகமும் கையுமாக உட்கார்ந்திருப்பேன். கட்டடமே மூச்சை அடக்கிக்கொண்டிருப்பது போலிருக்கும்.

ஓட்டல் திறந்த அன்றே 304-க்கு ஒரு குடும்பம் வருவதாக இருந்தது. அப்பா, அம்மா, இரண்டு குழந்தைகள். மூன்று ராத்திரி. முழுப் பணமும் முன்கூட்டியே கட்டியிருந்தார்கள். நாலு டவல் மடித்து வைத்தேன். அவர்கள் வரவில்லை. பணம் கட்டிய அறை என்பதால், ஆள் வராவிட்டாலும் வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது. அது எங்கள் ஓட்டல் வழக்கம். அறையைப் பூட்டியே வைத்தோம்.

எங்கள் தொழிலில் இன்னொரு வழக்கம் உண்டு. காலி அறை என்று தெரிந்தாலும் மூன்று முறை தட்டி, குரல் கொடுத்துவிட்டுத்தான் திறக்க வேண்டும்.

மறுநாள் காலை பதினொரு மணிக்கு 304-ஐத் தட்டினேன்.

"ஹவுஸ்கீப்பிங்!"

உள்ளே இருந்து ஆண் குரல். தூக்கக் கலக்கம்.

"அஞ்சு நிமிஷம்..."

சரி, ராத்திரி தாமதமாக வந்திருப்பார்கள் என்று நினைத்து நகர்ந்துவிட்டேன். கீழே போனால் ரிசப்ஷனில் 304-இன் சாவி ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. யாரும் வரவில்லை என்றார்கள்.

திரும்ப மேலே வந்து திறந்தேன்.

யாரும் இல்லை. படுக்கையில் ஆள் படுத்த பள்ளம். குளியலறைத் தரையெல்லாம் ஈரம். சோப்பு உறை பிரிந்து கிடந்தது. மூன்று டவல் சொட்டச் சொட்ட நனைந்திருந்தன.

நாலாவது மட்டும் மடித்தது மடித்தபடி.

மேனேஜரிடம் சொன்னேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்குப் பின்னால் நின்ற தங்கச்சியைப் பார்த்தார்.

"மாஸ்டர் சாவி யார் யாருகிட்ட இருக்கு?"

"என்கிட்ட ஒண்ணு. இவகிட்ட ஒண்ணு."

"புது மெத்தை, புது டவல். நல்லாத்தான் அனுபவிக்கிறாங்க."

"சார், நான் ஆம்பளைக் குரல் கேட்டேன்."

"ஓஹோ..." என்றார். "அப்ப யாரைக் கூட்டிட்டு வந்தா உன் தங்கச்சி?"

தங்கச்சி கையிலிருந்த வாளியைச் சத்தமில்லாமல் கீழே வைத்தாள். இதே பேச்சைக் கேட்டுத்தான் அவள் அந்த வீட்டை விட்டு வந்தாள்.

அன்று அவளுடைய சாவியையும் நானே வாங்கி முடிந்துகொண்டேன். அறையைச் சுத்தம் செய்து புதிதாக நாலு டவல் வைத்தேன். இரண்டு சாவியும் என் தலையணைக்கு அடியில்தான் இருந்தன. தங்கச்சி பக்கத்திலேயே படுத்திருந்தாள். இரண்டு பேருமே தூங்கவில்லை.

இரண்டாம் நாள் பதினொன்று. தட்டினேன்.

"அஞ்சு நிமிஷம்..."

உடனே சாவியைப் போட்டுத் திறந்தேன். யாரும் இல்லை.

மூன்று டவல் ஈரம். ஒன்று காய்ந்தது.

ஜன்னல் கண்ணாடியில், ராட்டினம் தெரிகிற பக்கம், சின்னச் சின்னக் கைத்தடங்கள். ஜன்னலைத் திறந்து கையை நீட்டி வெளிப்பக்கம் துடைத்துப் பார்த்தேன். போகவில்லை. உள்ளிருந்து துடைத்தேன். போனது.

மேனேஜர் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். "நாளைக்குப் பதினொரு மணிக்கு 304-க்கு வேற கெஸ்ட். அதே நேரத்துக்கு உன் தங்கச்சியும் பையைக் கட்டிக்கட்டும்."

எனக்குப் பயம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. வந்தது ஆத்திரம். பதினாறு வருஷமாக எத்தனையோ பேரைக் கிளப்பியிருக்கிறேன். குடித்துவிட்டு விழுந்து கிடந்தவன், கையை ஓங்கியவன், தேனிலவு முடியவில்லை என்று அழுதவள். கண்ணுக்குத் தெரியாதவன் என்பதற்காக ஒருவனுக்கு மட்டும் சலுகை காட்ட வேண்டுமா? அவனால் என் தங்கச்சி தெருவில் நிற்க வேண்டுமா?

மூன்றாம் நாள். பத்து ஐம்பத்தைந்துக்கு மேனேஜரின் மேஜை முன்னால் போய் நின்றேன்.

"மேல வாங்க சார்."

"எதுக்கு?"

"நான் தட்ட மாட்டேன். நீங்க தட்டுங்க. நானும் இவளும் உங்க கண் முன்னாடியே நிக்கிறோம்."

வந்தார். கையில் சாவியைச் சுழற்றிக்கொண்டே வந்தார். தங்கச்சி பையோடு சுவரோரமாக நின்றாள். வராந்தாவில் ஈ காக்கை இல்லை. தூரத்தில் பார்க்கின் பாட்டு மட்டும் மெல்லக் கேட்டது.

பதினொன்று.

மேனேஜர் தட்டினார். ஒன்று. இரண்டு. மூன்று.

"செக்-அவுட் டைம்!"

"அஞ்சு நிமிஷம்..."

சாவி சுழல்வது நின்றது.

அவர் தங்கச்சியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். உள்ளே ஷவர் கொட்டும் சத்தம். அதற்கு நடுவே குழந்தைகள் தண்ணீரை அடித்து விளையாடும் சத்தம்... ஒரு பெண்ணின் முணுமுணுப்பு...

"யாரு... யாரு உள்ள?"



மேனேஜர் இரண்டடி பின்னால் வந்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

"அஞ்சு நிமிஷம்தானே கேக்கறாங்க... குடுத்துடலாம்மா."

அந்த மனுஷன் வாயிலிருந்து அப்படி ஒரு சொல்லை அதற்கு முன்னால் யாரும் கேட்டதில்லை. வேறு நாளாக இருந்தால் தங்கச்சி விழுந்து விழுந்து சிரித்திருப்பாள்.

"முடியாது சார்."

"அம்மா, வேணாம்..."

"மூணு நாளா என் தங்கச்சி தலையில பழி. அஞ்சு நிமிஷம் இல்ல, அரை நிமிஷம் குடுக்க மாட்டேன்."

இரண்டு கையாலும் கதவில் அறைந்தேன்.

"டைம் ஆச்சு! எழுந்திரிங்க! யாரா இருந்தாலும் சரி, வெளிய வாங்க!"

ஷவர் நின்றது.

"உங்களைத்தான்! படுத்திருக்கிறவரு! எழுந்து வாங்க!"



சாவியைத் திருப்பிக் கதவைத் தள்ளினேன்.

காலி அறை. குளியலறைக் கதவு மூடியிருந்தது. அதன் அடியிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது.

படுக்கையில் ஒரு பள்ளம்.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே... அந்தப் பள்ளம் மெதுவாக நிமிர்ந்தது. ஒருவர் சிரமப்பட்டு எழுந்தால் மெத்தை எப்படி மேலே வருமோ, அப்படி. குளியலறைக் கதவில் மெல்ல ஏதோ தட்டியது.

ஏதோ ஒன்று என்னைக் கடந்து போனது. காற்று இல்லை. கனம்.

தங்கச்சி சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

வராந்தாக் கோடியில் லிப்ட் கதவு திறந்தது.

மூடியது.

கீழே இறங்கியது.

மணி பதினொன்று ஏழு.

மேனேஜர் அதற்குப் பிறகு என் தங்கச்சியிடம் குரலை உயர்த்தியதில்லை. அன்று சாயங்காலமே, "பழையபடி இரும்மா" என்றார். அவள் அவர் கண்ணைப் பார்த்து, "அன்னிக்குப் பேசினதுக்கு என்ன சார் சொல்றீங்க?" என்று கேட்டாள். மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் போனார்.

304-ஐப் பூட்டிவிடலாம் என்றும் அவர் சொன்னார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. கிளப்பிவிட்டேன், முடிந்தது, இனி என்ன பயம் என்றேன்.

அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு மாதம் போயிருக்கும். ஒரு பகலில் 302-ஐத் தட்டிக் குரல் கொடுத்தேன். பின்னால் ஏதோ விழுந்தது. திரும்பினால் ஒரு ஆள். ஊன்றுகோல் தரையில் கிடந்தது. தலையில் தையல் போட்ட இடத்தில் முடி இன்னும் சரியாக வளரவில்லை.

"நீங்கதானா..." என்றார்.

"யாரு சார் நீங்க?"

"304. ரூம் போட்டிருந்தோம். வர முடியல."

ஊன்றுகோலை எடுத்துக் கொடுத்தேன். நாற்காலியைப் போட்டு உட்கார வைத்தேன். பிறகு அவரே சொன்னார். 

இங்கே வருகிற வழியில் லாரி மோதியிருக்கிறது. மனைவியும் இரண்டு குழந்தைகளும் அந்த இடத்திலேயே போய்விட்டார்கள். இவர் மூன்று நாள் நினைவில்லாமல் கிடந்தார். பிழைப்பது கஷ்டம் என்று டாக்டர் வீட்டாரிடம் சொல்லியிருந்தாராம்.

"அந்த மூணு நாளும் நான் ஒரு ரூம்ல படுத்திருந்தேங்க. ஜன்னல்ல ராட்டினம் தெரிஞ்சுது. சின்னவன் கண்ணாடியில கை வெச்சுப் பார்த்துட்டே இருந்தான். அப்புறம் அவ ரெண்டு பேரையும் குளிப்பாட்டக் கூட்டிட்டுப் போனா. எனக்கு எழுந்திரிக்கவே மனசில்ல. அவ்வளவு சுகம். யாரோ ஒரு பொம்பளை வந்து வந்து தட்டுனாங்க. நான் அஞ்சு நிமிஷம், அஞ்சு நிமிஷம்னேன்."

அவர் எதிரில் தரையிலேயே உட்கார்ந்தேன். 

"கடைசி நாள் அவங்க விடல. கத்துனாங்க. எழுந்திரின்னாங்க. எழுந்தேன். கண்ணைத் தொறந்தா ஆஸ்பத்திரி. பதினொண்ணு அடிச்சுக் கொஞ்ச நேரம் ஆயிருந்துச்சுன்னு நர்ஸ் சொன்னாங்க."

302-இன் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க குரல்தாங்க அது."

ஊன்றுகோலை மடியில் வைத்துக்கொண்டு தொடர்ந்தார்.

"எழுந்ததும் குளியலறைக் கதவைத் தட்டினேன். வாங்க போகலாம்னு கூப்பிட்டேன். அவ கதவைத் தொறக்கல. உள்ள இருந்தே சொன்னா. நீங்க முன்னாடி போங்க, நாங்க வர்றோம்னு."

பிறகு என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்.

"அவங்க கிளம்பிட்டாங்களாம்மா?"

அன்று அந்த நேரத்தில் நான் குளியலறைக் கதவைத் திறக்கவே இல்லை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. லிப்ட் இறங்கியதைப் பார்த்துவிட்டு, எல்லாம் முடிந்தது என்று நாங்கள் வந்துவிட்டோம். சாயங்காலம்தான் போய்ச் சுத்தம் செய்து நாலு டவல் வைத்தேன். அதற்குப் பிறகு வந்த கெஸ்ட் ஒரு விற்பனைப் பிரதிநிதி. தனி ஆள். போகும்போது சலித்துக்கொண்டார்: "ஒருத்தனுக்கு ஒரு டவல் போதாதா? மத்த மூணையும் ஏன் ஈரமாவே குடுத்தீங்க?" சலவைக்காரர் காயவைக்காமல் அனுப்பியிருப்பார் என்று அவரைத் திட்டினேன். அடுத்த வாரமும் திட்டினேன். அதற்கடுத்த வாரமும்.

எதிரில் உட்கார்ந்திருந்தவரிடம், அறையைப் பார்க்கிறீர்களா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினார். "உள்ள போனா எழுந்திரிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, ஊன்றுகோலை ஊன்றி லிப்ட்டுக்குப் போனார்.

304-ஐ இப்போதும் வாடகைக்கு விடுகிறோம். சீசனில் காலியாகவே இருக்காது. பூட்டச் சொன்னார்கள், பூஜை போடச் சொன்னார்கள், நம்பரை மாற்றச் சொன்னார்கள். எதற்கும் நான் சம்மதிக்கவில்லை. அந்த அம்மாவும் குழந்தைகளும் பணம் கட்டி வந்தவர்கள்தான். வேண்டுமென்கிற வரைக்கும் இருக்கட்டும். யாராவது கிளப்ப வந்தால் முதலில் என்னைத் தாண்டித்தான் போக வேண்டும்.

எத்தனை பேர் தங்கினாலும் அந்த அறைக்கு மூன்று டவல் கூடுதலாக வைக்கிறேன். அதில் ஒன்று பெரியது. இரண்டு சின்னது.

இன்று காலையும் எடுத்தேன்.

மூன்றும் நனைந்திருந்தன... வெதுவெதுப்பாக.