மூன்று லீவு லெட்டர், ஒரே வயிற்று வலி

இன்று காலை டியூட்டி ரெஜிஸ்டரைத் திறந்ததும், மூடிவிட்டு வீட்டுக்கே திரும்பிவிடலாம் போல இருந்தது.

ஆறு ஆயாக்கள் இருக்க வேண்டிய ஷிஃப்டில் மூன்று பேர்.

பூதலூர் பக்கம் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் நான் நர்சிங் இன்சார்ஜ். (இன்சார்ஜ் என்றால், வராதவர்கள் வேலையையும் சேர்த்துப் பார்ப்பவர்.) இருபத்திரண்டு பெரியவர்கள். பாதிப் பேரால் தாங்களாக எழுந்து நடக்க முடியாது.

வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது. குறுவை நடவு. எங்கள் ஆயாக்கள் எல்லாரும் சுற்றுவட்டாரக் கிராமத்துப் பெண்கள். இந்தச் சமயத்தில் லீவு லெட்டர் வரிசையாக வரும்.

இந்த முறை மூன்று லெட்டரிலும் வயிற்று வலி. (மூன்றும் ஒரே கையெழுத்தில்!)

ஒன்பதாம் நம்பர் கட்டில் ஐயாவுக்கு எண்பது வயது தாண்டிவிட்டது. காலமெல்லாம் விவசாயம் பார்த்தவர். இடுப்பு எலும்பு உடைந்து, ஆபரேஷன் ஆகி இரண்டு மாதம்தான் ஆகிறது. அவரை எழுப்பினால் இரண்டு பக்கமும் ஆள் பிடிக்க வேண்டும் என்று நானே எழுதி, கட்டிலுக்கு மேலே ஒட்டியிருக்கிறேன்.

எட்டரை மணிக்கு பெல் அடித்தார். பாத்ரூம் போக வேண்டும், அடக்க முடியவில்லை.

வந்திருந்த மூன்று ஆயாக்களில் செல்வி ஓடினாள். மற்ற இருவரும் வேறொரு அம்மாவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். நான் மறுகோடியில் மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தேன். செல்வி ஒருத்தியாகவே அவரைப் பிடித்து அழைத்துப் போனாள்.

பாத்ரூம் வாசலில் ஐயா சரிந்துவிட்டார்.

செல்வி எதையும் மறைக்கவில்லை. நேராக என்னிடம் வந்து நின்றாள்.

"நான்தான் சிஸ்டர் தனியா கூட்டிட்டுப் போனேன். கூப்பிட ஆளு இல்ல."

ஓனருக்கு போன் போட்டேன். அந்தப் பெண்ணை இன்றோடு நிறுத்திவிடுங்கள் என்றார். எக்ஸ்ரே முடியட்டும் சார் என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

சமையல் அக்காவை வார்டில் உட்கார வைத்துவிட்டு, ஆம்புலன்சில் ஐயாவோடு நானே தஞ்சாவூர் போனேன். (மதியம் சாம்பார் அடிப்பிடித்ததாம். அதற்கும் நான்தான் இன்சார்ஜ்.)

எலும்புக்கு ஒன்றும் இல்லை என்றார் டாக்டர். அங்கேயே ஒரு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

திரும்பி வரும்போது ஐயா மெதுவாகக் கேட்டார்.

"எங்கேம்மா, மத்த பொண்ணுங்கள காணோம்?"

நடவுக்குப் போயிருக்கிறார்கள் என்றேன்.

"யாரு வயல்ல?"

விவசாயி அல்லவா, அடுத்து அதைத்தான் கேட்பார்.

"எங்க வயல்லதாங்க ஐயா."

ஆமாம். நடவுக்கு ஆள் கிடைக்காமல் வீட்டுக்காரர் ஒரு வாரமாக அலைந்தார். எங்கள் ஆயாக்களைக் கேட்டுப் பார்க்கலாமே என்று சொன்னது நான். லீவு சாங்ஷன் செய்தது நான். அந்த மூன்று லெட்டரையும் எழுதிக் கொடுத்ததும் நான்தான்.

ஐயா கோபப்பட்டிருந்தால் பரவாயில்லை.

"நாத்து எத்தன நாளு?" என்றார்.

இருபத்தைந்து என்றேன்.

"அப்ப அவசரந்தான்," என்று சொல்லிவிட்டு, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார்.

வந்ததும் விபத்து அறிக்கை எழுதினேன். ஆள் குறைவுக்குக் காரணம் என்ற இடத்தில் என் பேரை எழுதினேன். செல்வியை நிறுத்துவதாக இருந்தால் முதலில் என்னை நிறுத்துங்கள் என்று கீழே ஒரு வரி. நாளை காலை ஓனர் வருகிறார். என்ன நடக்குமோ தெரியாது.

இப்போதுதான் வீட்டுக்காரருக்கு போன் செய்தேன். இன்னும் பாதி வயல் பாக்கியாம்.

"நாளைக்கு அவங்க மூணு பேரும் டியூட்டிக்கு வரணுங்க."

"நாத்து முத்திப் போயிடும்மா."

"முத்தட்டுங்க."