படுக்கச் சொல்ல வந்தவர்களுக்குத் தண்ணீர்

இருபத்தொரு வருஷம் நின்றபடியே குமாசி நகரத்துப் பெண்களுக்குச் சடை பின்னிய யா சர்போமாவின் இடது காலில் நரம்புச் சுருட்டல் கயிறு கயிறாகப் புடைத்துக் கிடந்தது. வலியைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். நன்றித் திருநாளில் சபையில் போதகர் பிறந்த கிழமை வாரியாக, "வியாழக்கிழமை பிறந்தவங்க வாங்க!" என்று கூப்பிட, அத்தனை பேரும் காணிக்கைப் பெட்டிவரை ஆடிப் போக, மூன்று வருஷமாகத் தான் மட்டும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கைதட்டுவதைத்தான் பொறுக்க முடியவில்லை. வியாழன்காரர்களில் அவளைப்போல ஆட ஆள் கிடையாது. சும்மா சொல்லவில்லை, சபையே சொல்லும்.

"கால்ல கத்தி வச்சவ எவளும் திரும்ப ஆடினதில்ல" என்றாள் நாத்தனார் அஃபுவா. பயமுறுத்துவதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை.

ஆனால் ஆஸ்பத்திரியில் கத்தியே வரவில்லை. மரத்துப்போக ஊசி, முழங்காலுக்குக் கீழே சின்னத் துளை, அதன் வழியே மெல்லிய கம்பி. அதன் சூட்டில் கெட்ட நரம்பு உள்ளேயே மூடிக்கொண்டது. ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. டாக்டர் இறுக்கமான காலுறையை மாட்டிவிட்டார்.

"எந்திரிச்சு நடங்கம்மா. வீட்டுக்குப் போயும் படுத்துடாதீங்க, அப்பப்ப நடக்கணும்."

"நன்றித் திருநாளுக்குப் பத்து நாள்தான் இருக்கு. ஆடலாமா டாக்டர்?"

"நல்லா நடந்தீங்கன்னா ஆடலாம். குதிக்கக் கூடாது."

ஆஸ்பத்திரி வாசலில் அஃபுவா மெத்தை, வாளி, சூப்புப் பாத்திரம் சகிதம் டாக்ஸியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தாள்.

"ஐயோ, ஆபரேஷன் பண்ணாமலே விரட்டிட்டாங்களா?"

"முடிஞ்சிருச்சு அண்ணி."

"கட்டு எங்க? ரத்தம் எங்க? வந்து படுடி முதல்ல!"

வீட்டுக்குக் கூட்டிப்போய்ப் படுக்கவைத்தே விட்டாள். சேதி பரவி, சபை ஆட்கள் வரத் தொடங்கினார்கள். எழுந்திருக்காதே என்று ஆளுக்கொரு புத்தி. சர்போமாவுக்கு, இவர்கள் பாசத்திலேயே தன் ஆட்டம் போய்விடும் போலிருந்தது. அப்போதுதான் பார்த்தாள், யார் கையிலும் தண்ணீர் இல்லை. வந்தவருக்குத் தண்ணீர் தராமல் என்ன பேச்சு? எழுந்தாள். ஆளுக்கு ஒரு டம்ளர், டம்ளருக்கு ஒரு நடை. கொடுக்கிற தண்ணீரை வேண்டாம் என்பது மரியாதையில்லை, எல்லோரும் வாங்கிக் குடித்தார்கள்.

"உக்காருடி!"

"போதகருக்குத் தாகமா இருக்கு அண்ணி."

தினமும் ஆள் வந்தார்கள், தினமும் நடந்தாள்.

திருநாளில் வியாழக்கிழமையைக் கூப்பிட்டதும் சர்போமா எழுந்தாள். குதிக்கவில்லை. தோளும் இடுப்பும் போதாதா? புடைப்பை மறைக்க மூன்று வருஷமாகத் தரைவரை இழுத்துக் கட்டிய துணியைக் கெண்டைக்கால் தெரியத் தூக்கிப் பிடித்து, காலுறையோடு ஆடினாள். வெள்ளிக்கிழமை பிறந்த அஃபுவாவுக்குத் தன் முறை வரும்வரை பொறுமையில்லை. வெள்ளைக் கைக்குட்டையை வீசிக்கொண்டு ஓடிவந்து, "குதிக்காதடி, குதிக்காதடி" என்று அழுதபடியே கூடச் சேர்ந்து ஆடினாள்.